கூரை தேடிய மாணவன்: ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த டஸ்கெகீ என்னும் ஊரில், 1943ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 5ஆம் நாள் முதியவர் ஒருவர் மறைந்தார். அடிமையாகப் பிறந்து, வேளாண் அறிஞராக உயர்ந்து, நிலக்கடலையிலிருந்தும் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்தும் நூற்றுக்கணக்கான பொருள்களை ஆக்கிக் காட்டியவர் என உலகம் போற்றிய ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரே அவர். அவருடைய பெயரை நம் இளைஞர்களுள் பலர் கேட்டிருக்கக் கூடும்.

ஆயினும் நாம் ஈண்டு எழுத முற்படுவது அவருடைய கடலை ஆராய்ச்சியைப் பற்றியன்று. ஏறத்தாழப் பன்னிரண்டு வயது முதல் இருபது வயது வரை, தாயும் இன்றித் தந்தையும் இன்றித் தனக்கென ஒரு கூரையும் இன்றி, பள்ளியைத் தேடி ஊர் ஊராக அலைந்த காலத்தில் அச்சிறுவன் இரவில் எங்கே படுத்தான், எவர் வீட்டில் உண்டான், அதற்கு ஈடாக என்ன வேலை செய்தான் என்பதைப் பற்றியே எழுதப் போகிறோம். பெரியோர் வரலாறு எழுதுவோர் பொதுவாக இப்பகுதியை நான்கு வரிகளில் கடந்து விடுவர். வறுமையில் வாடினார், உழைத்துப் படித்தார், உயர்ந்தார் என்று முடித்து விடுவர். நமக்கு அது போதாது. பள்ளியில் இடம் கிடைத்துவிட்டால் கல்வி கிடைத்துவிட்டது என்று எண்ணுவோர் நம்மிடையிலும் உளர். படுக்க இடமில்லாத பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் இடம் அரை இடமே என்பதைக் கார்வரின் இளமை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

மிசௌரி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் டயமண்ட் என்னும் சிற்றூரை அடுத்து மோசஸ் கார்வர் என்ற வெள்ளையர் ஒருவரின் பண்ணை இருந்தது. அவரிடம் அடிமையாக இருந்த மேரி என்னும் பெண்ணுக்கு, உள்நாட்டுப் போர் முடிவுறும் காலத்தில், 1864ஆம் ஆண்டையொட்டி இரண்டாம் ஆண் மகவு பிறந்தது. அடிமைக் குழந்தைகளின் பிறந்த நாளை எவர் குறித்து வைப்பர்? ஆதலின் கார்வருக்குத் தம் பிறந்த நாள் இன்னதென்று இறுதிவரை தெரியாது. பக்கத்துப் பண்ணையில் அடிமையாக இருந்த தந்தை, குழந்தை பிறந்த காலத்தை ஒட்டியே விபத்தில் இறந்து போனார். குழந்தை கைப்பிள்ளையாக இருந்தபோதே கொள்ளைக் கூட்டத்தார் பண்ணையில் புகுந்து தாயையும் சேயையும் தூக்கிச் சென்றனர். மோசஸ் கார்வர் ஆள் அனுப்பித் தேடினார். குழந்தை மட்டுமே திரும்பி வந்தது. தாய் திரும்பவே இல்லை. மீட்டு வந்தவருக்குக் கூலியாக ஒரு பந்தயக் குதிரை கொடுக்கப்பட்டது என்பது அக்குடும்பத்தில் வழங்கிய செய்தி.

போர் முடிந்தது, அடிமை முறை ஒழிந்தது. மேரியின் பிள்ளைகளான ஜிம்மையும் ஜார்ஜையும் பிள்ளையில்லாத மோசஸ், சூசன் தம்பதியர் தம் குடிலிலேயே வைத்து வளர்த்தனர். மூத்தவன் உடல் வலிமை உடையவன். வயல் வேலைக்குச் சென்றான். இளையவன் கக்குவான் இருமலால் நலிந்து, மெல்லிய கீச்சுக் குரலோடு, நோஞ்சானாக வளர்ந்தான். ஆதலால் வயலுக்கு அனுப்பாமல் வீட்டு வேலையில் நிறுத்தினர். சமைத்தல், துவைத்தல், தைத்தல், பின்னல் போடுதல் ஆகிய அனைத்தையும் சூசன் அம்மையாரிடமிருந்தே அவன் கற்றான். ஆண் பிள்ளை அடுப்படியில் கிடக்கிறான் என்று அன்று எவரேனும் நகைத்திருக்கவும் கூடும். பின்னாளில் அவனுக்குச் சோறும் கூரையும் பெற்றுத் தந்தவை இந்த அடுப்படி வேலைகளே என்பதை நாம் நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

வேலை ஒழிந்த நேரங்களில் காட்டுக்குள் சென்று செடி கொடிகளைச் சேகரித்து, மறைவான ஓரிடத்தில் சிறு தோட்டம் ஒன்றை அவன் வளர்த்து வந்தான். வாடிய செடியைத் தேற்றும் கைராசிக்காரன் என்று அக்கம்பக்கத்தார் அவனை அழைத்தனர். ஆனால் உள்ளூர்ப் பள்ளி வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. தோலின் நிறம் கண்டு அவன் அங்குச் சேர்க்கப்படவில்லை. ஏறத்தாழ எட்டு மைல் தொலைவில் உள்ள நியோஷோ என்னும் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி இருப்பதாக அறிந்தான். அன்றாடம் போய்வர முடியாத தொலைவு. பள்ளி வேண்டுமானால் வீட்டை விட வேண்டும். வீடு வேண்டுமானால் பள்ளியை விட வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. பன்னிரண்டு வயதை ஒட்டிய அச்சிறுவன் வீட்டை விட்டான்.

நியோஷோவில் அவனுக்கு உறவினர் எவரும் இலர். முதல் இரவை ஒரு தொழுவத்தில் கழித்தான். விடிந்ததும் பக்கத்து வீட்டு விறகுக் குவியலின் மேல் அமர்ந்திருந்த அவனை அவ்வீட்டு அம்மையார் கண்டார். மரையா வாட்கின்ஸ் என்பது அவர் பெயர். ஊருக்கெல்லாம் மருத்துவச்சி, துணி வெளுப்பதும் அவர் தொழில். கணவர் ஆண்ட்ரூ கிடைத்த வேலையைச் செய்பவர். இருவருக்கும் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடமோ அவர்கள் வீட்டு வேலியை அடுத்தே இருந்தது.

பெயர் என்னவென்று கேட்டதற்கு, கார்வரின் ஜார்ஜ் என்று அவன் விடை சொன்னான். அடிமைக்குக் குடும்பப் பெயர் இல்லை. இன்னாருடைய இன்னான் என்பதே வழக்கம். இனி அவ்வாறு சொல்லாதே, நீ ஜார்ஜ் கார்வர் என்று அந்த அம்மையார் திருத்தினார். பண்ணையாரின் பெயரைச் சொல்லியே தம்மை அடையாளம் காட்டிய நாள்களை நம் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு இந்தத் திருத்தத்தின் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை.

வாட்கின்ஸ் வீட்டில் அவனுக்கு இடம் கிடைத்தது; ஆனால் இலவசமாக அன்று. துணி துவைக்கவும் வீட்டைத் துப்புரவு செய்யவும் அவன் உதவினான். பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் வேலியைத் தாண்டி வந்து, துவைக்கும் தொட்டியின் அருகே புத்தகத்தைச் சார்த்தி வைத்துப் படித்தவாறே துணியைக் கசக்கிவிட்டு, மறுமணி அடிக்கும்போது மீண்டும் வேலியைத் தாண்டிச் செல்வான். பதினான்கடி நீளமும் பதினாறடி அகலமுமே கொண்ட அந்த ஒற்றை அறைப் பள்ளியில் பிள்ளைகள் நெருக்கியடித்து அமர்ந்திருந்தனர். மரையா அம்மையாரிடமிருந்து மூலிகைகளின் குணங்களையும் அவன் தெரிந்துகொண்டான். கற்க முடிந்ததை எல்லாம் கற்று, அதனை நம் மக்களுக்குத் திருப்பிக் கொடு என்று அவர் அறிவுறுத்தியதாகக் கார்வர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவர் ஒரு விவிலிய நூலையும் அவனுக்கு அளித்தார்.

அப்பள்ளி ஆசிரியருக்குத் தெரிந்தவை எல்லாம் விரைவிலேயே தீர்ந்து போயின. அவ்வமயம் ஒரு குடும்பத்தார் கான்சாஸ் மாநிலத்தின் போர்ட் ஸ்காட் நகருக்கு வண்டி கட்டிப் புறப்படுவதை அறிந்து, தானும் இடம் கேட்டு ஏறிக்கொண்டான். அன்பான ஒரு வீட்டை இரண்டாம் முறையாக அவன் துறந்தான். இம்முறை அவனைப் போகச் சொன்னவர் எவரும் இலர். மேல் வகுப்பு அங்கே இல்லை என்பதே காரணம். வீடற்ற பிள்ளை என்றால் விரட்டப்பட்ட பிள்ளை என்று மட்டுமே பொருளன்று. படிப்பு ஓரிடத்திலும் வீடு மற்றோரிடத்திலும் இருக்கும்போது, படிப்பைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையும் வீடற்றவனாகி விடுகிறான்.

போர்ட் ஸ்காட்டில் கருமான் ஒருவரின் வீட்டில் சமையலுக்கு ஆள் தேவைப்பட்டது. எல்லாம் சமைக்கத் தெரியும் என்று சொல்லி வேலையில் சேர்ந்தான் ஜார்ஜ். உண்மையில் அவனுக்குத் தெரிந்தது சிறிதே. ஆகவே ஒவ்வொரு பண்டத்தையும் ஐயா எவ்விதம் விரும்பி உண்பார் என்று தெரிந்துகொள்ள விரும்புவதாகச் சொல்லி, வீட்டு அம்மையாரையே ஒருமுறை செய்து காட்டச் செய்து, அதைக் கண்ணால் கண்டே கற்றுக்கொண்டான் என்பர். இச்செய்தியைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது. கூடவே நெஞ்சும் கனக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அன்றிரவு தலை சாய்க்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்திற்காக அவன் தன் அறிவு முழுவதையும் செலவிட வேண்டியிருந்தது.

அக்காலத்தில் அவன் மேற்கொண்ட முறை இதுதான்: சில மாதங்கள் வேலை செய்து காசு சேர்ப்பான், காசு தீரும் வரை வாடகைக்கு ஓர் இடம் பிடித்துப் பள்ளிக்குப் போவான், தீர்ந்ததும் மீண்டும் வேலை. ஓர் ஆண்டுப் படிப்பு இரண்டு மூன்று துண்டுகளாகச் சிதறும். உடன் படித்தோர் மேல் வகுப்புக்குச் செல்ல, இவன் விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். வயதில் மூத்தவனாக, சிறுவர் நடுவில் உட்கார்ந்து படிக்கும் கூச்சத்தை நம்மிலும் பலர் அறிவோம்.

1879ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாள் போர்ட் ஸ்காட்டில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. சிறையில் அடைக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர் ஒருவரை ஒரு கும்பல் வெளியே இழுத்து வந்து, தூக்கிலிட்டு, உடலை எரித்தது. ஜார்ஜ் அதனைக் கண்ணால் கண்டான். அந்த ஊரில் அவன் மேலும் இருக்கவில்லை. புத்தகத்தையும் துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே வெளியேறினான். அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை என்பது அவர் எழுதியவற்றால் தெரிகிறது.

பின்னர் ஓலேத்தா என்னும் ஊரில் பென், லூசி சீமோர் என்ற கறுப்பினத் தம்பதியர் அவனைத் தம் வீட்டில் ஏற்றனர். லூசி அம்மையாரும் துணி வெளுத்துப் பிழைப்பவரே. கஞ்சி போடுவதிலும் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போடுவதிலும் தேர்ந்தவர். அந்நுட்பத்தை ஜார்ஜ் அவரிடம் கற்றான். சீமோர் குடும்பம் அதே மாநிலத்தைச் சேர்ந்த மின்னியாபொலிஸ் என்ற சிற்றூருக்கு 1880ஆம் ஆண்டை ஒட்டிக் குடிபெயர்ந்தது. (மின்னசோட்டா மாநிலத்துப் பெருநகர் வேறு, இது வேறு.) ஜார்ஜும் பின்தொடர்ந்தான். உயர்நிலைப் பள்ளிக் கல்வி அவனுக்குக் கிட்டியது இங்கேதான்.

பதினாறு வயதை ஒட்டிய அவன் அங்கு ஒரு சிறு குடிலில் சொந்தமாகச் சலவைக் கடை வைத்தான். பள்ளத்தாக்கில் ஏழை எளியோர் குடியிருந்த பகுதியில் அமைந்திருந்தது அக்கடை. அதற்காக உள்ளூர் வங்கியில் கடனும் பெற்றான். கடையே வீடு, வீடே கடை. பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகளே பயின்ற பள்ளியில் பகலெல்லாம் படிப்பு. மாலையிலும் இரவிலும் அதே பிள்ளைகளின் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி போடும் வேலை. நம் நாட்டில் இன்ன தொழில் செய்பவன் இன்ன சாதி என்று முத்திரை குத்தி, தொழிலையும் இழித்து, செய்பவனையும் இழித்து வைத்திருக்கின்றனர். அந்நாட்டிலும் வெள்ளையர் துணியை வெளுப்பது கறுப்பினத்தார் தலையில் விழுந்த வேலைதான். அவ்வேலையையே தன் பள்ளிக் கட்டணமாக்கிக் கொண்டான் இந்த மாணவன். இதனைப் பெருமையாக எழுதுகிறோமே அன்றி, எல்லாப் பிள்ளைகளும் இவ்வாறே துன்புற்றுப் படிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. வாடகைக்கும் சோற்றுக்குமாக அவன் இழந்த மணி நேரங்களை எவரும் அவனுக்குத் திருப்பித் தரவில்லை.

அவ்வூரில் ஜார்ஜ் கார்வர் என்னும் பெயரில் மற்றொருவரும் இருந்தார். கடிதங்கள் மாறி மாறிச் சென்றன. குழப்பம் நீங்குவதற்காகத் தன் பெயரின் நடுவே ஆங்கில எழுத்து ஒன்றைச் சேர்த்துக் கொண்டான். அது வாஷிங்டன் என்பதன் சுருக்கமோ என்று ஒருவர் கேட்க, இருக்கட்டுமே என்று விளையாட்டாகச் சொல்லப் போய் அப்பெயரே நிலைத்தது என்பர். தனக்கென்று ஒரு முகவரி ஏற்பட்டு, கடிதம் வரும் நிலையை அடைந்த பிறகே அவனுக்கு இத்தொல்லையும் வந்தது!

1883ஆம் ஆண்டு அண்ணன் ஜிம் பெரியம்மையால் இறந்துவிட்ட செய்தி கிட்டியது. அவன் அறிந்த இரத்த உறவு அது ஒன்றே. அதன் பின் தன் குடும்பம் என்று சொல்லிக்கொள்ள இவ்வுலகில் அவனுக்கு எவரும் இலர்.

உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்த கார்வர், கான்சாஸ் மாநிலத்திலேயே ஹைலண்டு என்னும் ஊரில் இருந்த கல்லூரிக்கு அஞ்சல் வழி விண்ணப்பித்தார். சேர்த்துக்கொள்வதாக மறுமொழி வந்தது. கையிலிருந்த பணத்தைச் செலவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். விண்ணப்பத்தில் எழுத்துதானே தெரியும், நிறம் தெரியாதே! ஆளைக் கண்டதும் இடமில்லை என்று சொல்லி விட்டனர். கல்லூரியும் இல்லை, திரும்பிச் செல்லப் பணமும் இல்லை. 1917இல் பரோடாவில் உயர்ந்த பதவி ஏற்கச் சென்ற அண்ணல் அம்பேத்கர், தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு வெளியேற்றப்பட்டதை நாம் அறிவோம். பட்டத்தாலோ விண்ணப்பத்தாலோ திறக்காத கதவுகள் இரு நாடுகளிலும் இருந்தன.

மனமுடைந்த கார்வர் சில ஆண்டுகள் கல்வியை நாடவே இல்லை. 1886ஆம் ஆண்டு கான்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், நெஸ் கவுண்டியில், குடியேறுவோருக்கு அரசு வழங்கிய நிலத்தில் 160 ஏக்கருக்கு உரிமை கோரினார். மரமே இல்லாத வறண்ட புல்வெளி அது. புல்லை வேரோடும் மண்ணோடும் கட்டி கட்டியாக வெட்டி எடுத்து, செங்கல்போல் அடுக்கி, பதினான்கடிச் சதுரத்தில் தம் கையாலேயே ஒரு வீடு எழுப்பினார். அக்கம்பக்கத்தாரும் உதவினர். மழையின்மையும் கடுங்குளிரும் வாட்டின. பதினேழு ஏக்கர் வரை உழுது பயிரிட்டார். 1888இல் வங்கியில் 300 டாலர் கடன் பெற்றார். எனினும் அந்நிலத்தில் அவர் நிலைக்கவில்லை. வீடு கிடைத்தது, ஆனால் அங்கே பள்ளி இல்லை. சில ஆண்டுகளில் மண் வீட்டை விட்டு அயோவா மாநிலத்துக்குப் போனார்.

அங்கு விண்டர்செட் என்னும் ஊரில் ஓர் உணவு விடுதியில் சமையல் வேலை கிடைத்தது. தேவாலயத்தில் அவர் பாடியதைக் கேட்ட மில்ஹாலண்டு என்னும் மருத்துவரும் அவர் மனைவியாரும் நட்புக் கொண்டு, மீண்டும் கல்லூரிக்குச் செல்லுமாறு தூண்டினர். 1890ஆம் ஆண்டு இண்டியானோலாவில் உள்ள சிம்சன் கல்லூரியில் அவர் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். கட்டணம் செலுத்திய பின் கையில் எஞ்சியது பத்துக் காசு. ஐந்து காசுக்கு மக்காச்சோள மாவும் ஐந்து காசுக்கு மாட்டுக் கொழுப்பும் வாங்கி, ஒரு வாரம் அவற்றையே உண்டு காலம் தள்ளினார். பழைய குடில் ஒன்றில் தங்கி, கடனுக்கு வாங்கிய பாத்திரங்களோடு மீண்டும் மாணவர்களின் துணியை வெளுக்கத் தொடங்கினார். நாற்காலி, மேசை எல்லாம் வெறும் மரப்பெட்டிகளே. அவர் வகுப்புக்குச் சென்றிருந்த ஒரு நாள், உடன் பயின்ற வெள்ளை மாணவர்கள் தமக்குள் பணம் சேர்த்து, மேசையும் நாற்காலிகளும் கட்டிலும் வாங்கி வந்து அக்குடிலில் வைத்துவிட்டனர். அவர் திரும்பி வந்து கேட்டபோது எவரும் தாம் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

ஓவியமும் இசையும் பயில வந்தவர் அவர். ஓவிய ஆசிரியை எட்டா பட் அம்மையார், செடிகளின்பால் அவருக்குள்ள ஈடுபாட்டைக் கண்டு, தம் தந்தையார் பேராசிரியராக இருந்த ஏம்ஸ் வேளாண் கல்லூரிக்கு அவரை அனுப்பினார். 1891இல் அங்குச் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் அவரே. மாணவர் விடுதியில் அவருக்கு இடம் தரவில்லை. பேராசிரியர் ஒருவர் தம் பழைய அலுவலக அறையை ஒழித்துக் கொடுத்தார். உணவுக் கூடத்தில் மற்றவரோடு உட்கார விடவில்லை; கீழ்த்தளத்தில் வேலையாள்களோடு உண்ணுமாறு கூறினர். இதனைக் கேள்வியுற்ற லிஸ்டன் அம்மையார் என்னும் வெள்ளைப் பெருமாட்டி, தம்மிடம் உள்ள நல்ல உடையை உடுத்திக்கொண்டு இண்டியானோலாவிலிருந்து வந்து, நாள் முழுவதும் கார்வரோடு கல்லூரியைச் சுற்றி வந்து, அதே கீழ்த்தளத்தில் அவரோடு அமர்ந்து உண்டார். அதன் பின் நிலைமை மாறத் தொடங்கியது. சமபந்தி என்று நாம் சொல்வதன் முழுப் பொருளையும் அந்த அம்மையார் ஒருவேளைச் சாப்பாட்டில் காட்டிவிட்டார்.

1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அவருடைய ஓவியம் ஒன்று பாராட்டுப் பெற்றது. 1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அவ்வாண்டே புக்கர் டி. வாஷிங்டன் அழைக்க, டஸ்கெகீ கல்விக் கழகத்தில் வேளாண் துறைத் தலைவராகப் பொறுப்பேற்று, ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார்.

டஸ்கெகீயில் அவர் ஆற்றிய பணிகள் பல நூல்களில் விரிவாக உள்ளன; நாம் சுருக்கமாகவே கூறுவோம். பருத்தி ஒன்றையே விதைத்துச் சாரமிழந்த நிலத்தில் தட்டைப்பயறும் கடலையும் கிழங்கும் மாற்றிப் பயிரிடக் கற்பித்தார். எளிய குடியானவருக்குப் புரியும் நடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு வெளியீடுகளை எழுதினார். 1906இல் தொடங்கிய நடமாடும் வேளாண் பள்ளி வண்டி அவர் வகுத்த திட்டத்தில் அமைந்தது. நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்று சிலர் எழுதுவது தவறு. அவருக்கு முன்பே அது இருந்தது. இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்லும் தேவை கார்வருக்கு இல்லை.

நம் கருத்தை ஈர்ப்பவை வேறு இரு செய்திகள். வந்த புதிதில், மணமாகாத ஆசிரியர் இருவருக்கு ஓர் அறை என்பது அங்கு வழக்கமாயிருக்க, இவர் தமக்குத் தனியே ஓர் அறையும் தம் செடித் தொகுப்புக்கு மற்றோர் அறையும் வேண்டும் என்று கேட்டார். தொகுப்பை எலிகள் அரித்தன என்பது அவருடைய முறையீடு. உடன் பணியாற்றியோர் முகம் சுளித்தனர். தற்பெருமைக்காரர் என்றும் பேசினர். நாம் அவர்களைக் குறை கூறவில்லை. அவர்களும் நெருக்கடியில் வாழ்ந்தோரே. ஆனால் தொழுவத்திலும் பிறர் வீட்டு அடுப்படியிலும் படுத்துப் படித்த ஒருவர், முப்பது வயதைக் கடந்த பின் இரண்டு அறை கேட்டதை ஆணவம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மற்றொன்று, 1911இல் அவர் வெளியிட்ட சிறுநூல். அலபாமாவில் காலடியில் கிடக்கும் வெள்ளைக் களிமண்ணையும் நிறக் களிமண்களையும் கொண்டு, ஏறத்தாழக் காசு செலவில்லாமல் வீட்டுக்கு வெள்ளையும் வண்ணமும் பூசுவது எப்படி என்பதே அதன் பொருள். குத்தகைக் குடியானவர்கள் குடியிருந்த குடில்கள் அவர்களுக்குச் சொந்தமல்ல. நிலச்சொந்தக்காரன் போகச் சொன்னால் போகவேண்டும். அத்தகைய வீட்டையும் உள்ளே இருக்கும் வரை அழகுற வைத்துக்கொள்ள ஒரு வழியை அவர்களுக்கு அவர் ஆராய்ந்து சொன்னார்.

அநீதியை எதிர்த்து அவர் உரக்கப் பேசவில்லை என்னும் குறை ஒன்று உண்டு. அது மெய்யே. போர்ட் ஸ்காட்டில் கண்டதை நெஞ்சில் சுமந்தவர், நிறவெறிச் சட்டங்களின் கீழ் இருந்த தென்பகுதியில் வாழ்நாளெல்லாம் அடக்கமாகவே நடந்தார். போராடியோர் பெற்றுத் தந்ததை அடக்கமாக இருந்தோர் பெற்றுத் தரவில்லை என்பது நம் உறுதியான கருத்து. எனினும் ஒருவர் ஆற்றாத பணியைக் கொண்டு, அவர் ஆற்றிய பணியை மறைத்துவிட நாம் விரும்பவில்லை.

அவர் மணம் புரியவில்லை. டஸ்கெகீயில் வீடு கட்டவும் இல்லை. கல்விக் கழகத்தின் விடுதி அறைகளிலேயே முதுமை வரை வாழ்ந்தார். கடைசி ஆண்டுகளில் டாரதி மண்டபம் என்னும் கட்டடத்தில் தங்கியிருந்தார்; படியேற இயலாத அவருக்காக மோட்டார் தொழிலதிபர் ஹென்றி போர்டு அங்கு ஒரு மின் ஏணி அமைத்துக் கொடுத்தார். தமக்கென்று செலவிடாமல் சேமித்ததை, இளம் ஆராய்ச்சியாளருக்கு உதவும்பொருட்டு 1940இல் நிறுவிய அறக்கட்டளைக்கே அளித்தார். அவர் தந்தது மொத்தம் ஏறத்தாழ 60,000 டாலர்.

1942ஆம் ஆண்டு ஹென்றி போர்டு, மிச்சிகன் மாநிலத்தில் தாம் அமைத்திருந்த காட்சிச் சிற்றூரில், கார்வர் பிறந்த அடிமைக் குடிலைப் போன்ற ஒரு மரக் குடிலைக் கட்டி எழுப்பினார். கார்வர் தம் நினைவிலிருந்து சொன்ன குறிப்புகளைக் கொண்டே அது அமைக்கப்பட்டது. எண்பதை நெருங்கிய முதியவர் நேரில் சென்று அதனுள் நுழைந்து பார்த்தார். அடுத்த சனவரியில் டஸ்கெகீயில் அவர் காலமானார், புக்கர் டி. வாஷிங்டனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவ்வாண்டு சூலைத் திங்களில் டயமண்டில் அவர் பிறந்த பண்ணை தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. கறுப்பினத்தவர் ஒருவருக்கென அந்நாட்டு அரசு ஏற்படுத்திய முதல் தேசிய நினைவிடம் அதுவே. நியோஷோவில் விறகுக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்த சிறுவனுக்கு மரையா அம்மையார் தந்த விவிலிய நூலை அவர் இறுதிவரை தம்மோடு வைத்திருந்தார்.